பெட்டியில் போட்டிருக்கும் 14,000

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வீட்டுக்குப் புதிதாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்குகிறோம், எந்த எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வந்த சிப் சேமிப்பகம்) போடுவது? சரி, மொத்தமாக ஒரே இதழில் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பிரிண்டர் மை காய்ந்துபோவது பற்றிக் கேட்ட திண்டுக்கல் வாசகர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

என் மகன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். படிக்கவும் கேம் விளையாடவும் என்று 90 ஆயிரத்துக்குள் கம்ப்யூட்டர் கேட்கிறான். கடையில் கொடுத்த கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். அதில் எஸ்.எஸ்.டி.க்கு மட்டும் 22 ஆயிரம். "ஜென் 5 போட்டால் கேம் பறக்கும்" என்கிறார்கள். அவ்வளவு அவசியமா?
– ஓர் அம்மா, நாமக்கல்

கொட்டேஷனைப் பார்த்ததும் என் கண் எஸ்.எஸ்.டி. வரிக்குப் போகவில்லை அம்மா. நாலு வரி மேலே இருந்த பிராசஸரில் நின்றுவிட்டது. ரைசன் 5 5500, கூடவே பி550 மதர்போர்டு. இரண்டும் நல்ல சரக்குதான். ஆனால் அந்த பிராசஸருக்கு பிசிஐஇ 3.0-வுக்கு மேல் தெரியாது. கடைக்காரர்கள் ஜென் 3, ஜென் 4, ஜென் 5 என்று சொல்வது, பிராசஸருக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் நடுவே தகவல் ஓடுகிற இந்த பிசிஐஇ பாதையைத்தான். ஒவ்வொரு ஜென்னுக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜென் 3 எஸ்.எஸ்.டி. நொடிக்குச் சுமார் 3,500 எம்பி படிக்கும், ஜென் 4 என்றால் 7,000 சொச்சம், ஜென் 5-இல் 14,000 வரை போகும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்குமே, அந்த எண்.

உங்கள் மகன் 22 ஆயிரம் கொடுத்து வாங்கும் 14,000, இந்த கம்ப்யூட்டரில் 3,500-தான் ஓடும். கெட்டுப்போகாது, எரிந்துபோகாது, ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் நாலில் ஒரு பங்கு வேகத்தில். ஜல்லிக்கட்டுக் காளையை வாங்கிவந்து செக்கில் கட்டுகிற கதை. கடைக்காரர் தெரியாமல் எழுதினாரா, தேங்கிக் கிடக்கிற ஸ்டாக்கைத் தள்ளிவிட்டாரா, அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

சரி, ஜென் 5 தாங்குகிற மதர்போர்டும் பிராசஸரும் இருந்தால் வாங்கலாமா என்று மகன் அடுத்துக் கேட்பான். கேம் விளையாட மட்டும் என்றால் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். கேமின் ஃபைல்கள் டிஸ்க்கில் நெருக்கிச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். லோடு ஆகும்போது அவற்றை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும், பிராசஸர் அவற்றைப் பிரித்து விரிக்க வேண்டும், அப்புறம்தான் ரேமுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் எடுப்பதுதான் பெரிய பாடு. நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிற தட்டில் ஒரு முள் அங்கேயும் இங்கேயும் ஓடி ஓடிப் பொறுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கும் ஓடுவதற்கும் எதுவும் இல்லை, எல்லாம் சிப். அதனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் பாட்டிக்குக்கூடத் தெரியும். அதற்கு மேல் எஸ்.எஸ்.டி.யின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும், பிரித்துக் கொடுக்கிற பிராசஸருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். பந்தியில் சாம்பார் வாளி ஓட்டமாக ஓடி வந்தாலும் பரிமாற ஒரே ஆள் என்றால் இலை காத்துக் கிடக்கும், இல்லையா?

நான் சொல்வதை நம்பாத பையன்கள் கடைக்கு அடிக்கடி வருவார்கள். (முன்பெல்லாம் அக்கா என்பார்கள், இப்போது ஆன்ட்டி ஆகிவிட்டேன். அது வேறு வருத்தம்.) அவர்களுக்காகவே காந்திபுரத்தில் உள்ள எங்கள் மாடிக்கடையில் ஒரு மேசையில் எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பியே வைத்திருக்கிறேன். ஒரே கம்ப்யூட்டர், ஒரே கேம், ஒரே சேவ். ஹார்ட் டிஸ்க்கில் லோடு போட்டுவிட்டு டீயை ஆற்றிக் குடித்துவிடலாம். சாட்டா என்ற பழைய பாதையில் ஓடும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினால் டம்ளரை எடுப்பதற்குள் கேம் வந்துவிடும். சாட்டாவின் உச்ச வேகமே நொடிக்கு 550 எம்பிதான் என்பதை மறக்காதீர்கள். அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் எண் போட்டிருக்கிற ஜென் 4-ஐ மாட்டி மறுபடி ஸ்டாப்வாட்ச் போட்டால், பெரும்பாலான கேம்களில் ஒன்றிரண்டு நொடிதான் மிச்சம். அதிலும் பாதி என் கட்டைவிரல் செய்த தாமதமாக இருக்கலாம்.

இந்த நிலையை மாற்றத்தான் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்ஸ்டோரேஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிசியில் அதை முதலில் பயன்படுத்திய கேம், 2023 ஜனவரியில் வந்த ஃபோர்ஸ்போக்கன். அதே வருடம் ஜூலையில் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட், பிரித்து விரிக்கிற வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடமே கொடுத்தது. நல்ல யோசனைதான், ஆனால் அப்படி வருகிற கேம்கள் இன்னும் குறைவுதான். அவற்றுக்கும் ஒரு நல்ல ஜென் 4 தாராளமாகப் போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 5500-க்குப் பதில் ரைசன் 5 5600 போடச் சொல்லுங்கள். அது ஜென் 4 பேசும். பக்கத்தில் 'ஜி' என்ற எழுத்து இருக்கக் கூடாது, 5600ஜி மறுபடியும் ஜென் 3-தான். எஸ்.எஸ்.டி.யை நடுத்தர விலையில் ஒரு 1 டிபி ஜென் 4-ஆக மாற்றுங்கள். மிச்சப் பணம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். கேம் பறப்பது அங்கேதான். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கார்டு பெரிதானதும் சரியாகிவிடுவான்.

500 ஜிபி போதுமா என்று மட்டும் கேட்காதீர்கள். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேண்டும், ஸ்டார்ஃபீல்டுக்கு 125, சைபர்பங்க் 2077-க்கு 70. மூன்றுமே இப்போது எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று சொல்கிற கேம்கள். மூன்றும் சேர்ந்தாலே 345. கூடவே விண்டோஸ், காலேஜ் சாஃப்ட்வேர், அவன் எடுத்துத் தள்ளப்போகும் வீடியோக்கள். எஸ்.எஸ்.டி.யை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். இன்னொன்று: 1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 1,024-ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு எஸ்.எஸ்.டி., இரண்டும் 1 டிபி, இரண்டும் பேர் தெரிந்த கம்பெனிகள். ஒன்று நல்ல மலிவு. மலிவானதை வாங்கினேன். பெரிய ஃபோல்டரை காப்பி செய்தால் ஜோராக ஆரம்பித்து, பாதியில் 100 எம்பிக்குக் கீழே விழுந்துவிடுகிறது. பழுதா?
– ஐ.டி. ஊழியர், திருநெல்வேலி

பழுதில்லை, அதன் பிறவிக் குணம். நீங்கள் வாங்கியிருப்பது க்யூஎல்சி ரகமாக இருக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மின்னேற்றத்தை அடைத்து வைத்து, அது எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்துத்தான் தகவலைப் படிக்கிறது. டிஎல்சி ரகத்தில் ஓர் அறைக்கு மூன்று பிட், அதாவது எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். க்யூஎல்சியில் நாலு பிட், பதினாறு அளவுகள். ஒரே டம்ளரில் எட்டுக் கோடு போட்டு அளப்பதற்கும் பதினாறு கோடு போட்டு அளப்பதற்கும் உள்ள சிரமம்தான். அதே சிப்பில் கூடுதல் இடம் கிடைப்பதால் விலை குறைகிறது. பொறுமையாக ஊற்ற வேண்டியிருப்பதால் எழுதும் வேகமும் குறைகிறது.

அப்படியானால் ஆரம்பத்தில் ஜோராக ஓடியது எப்படி? அறுவடை முடிந்து வண்டி வந்ததும் மூட்டைகளை முதலில் திண்ணையில் இறக்கிப் போடுவார்களே, அது மாதிரி. காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியை அறைக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வேகமாக நிரப்பிக்கொள்ளும். அப்புறம் சும்மா இருக்கும்போது நிதானமாகக் குதிருக்கு மாற்றும். திண்ணை நிறைந்த பிறகும் வண்டி வந்துகொண்டே இருந்தால், குதிருக்குள் கொட்டுகிற வேகத்துக்குத்தான் வண்டி நகரும். டிஎல்சிக்கும் இந்தத் திண்ணை உண்டு, ஆனால் நிறைந்தாலும் இவ்வளவு மோசமாக விழாது. சாம்சங்கின் 870 க்யூவிஓ என்ற சாட்டா எஸ்.எஸ்.டி.யின் 1 டிபி மாடலுக்கு, திண்ணை நிறைந்தபின் நொடிக்கு 80 எம்பி என்று அந்த கம்பெனியே தன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. நேர்மைதான். பல கம்பெனிகள் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். கேம்களை ஒருமுறை இறக்குகிறோம், நூறுமுறை படிக்கிறோம். படிப்பதில் க்யூஎல்சி பெரிதாகச் சோடை போகாது. உங்கள் வீட்டு இன்டர்நெட்டே நொடிக்கு 80 எம்பி தருமா என்று பாருங்கள். 300 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால்கூட (அது பிட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும்) நொடிக்கு 37 எம்பி சொச்சம்தான். ஆக ஸ்டீமில் கேம் இறக்கும்போது உங்களுக்கு இது தெரியவே தெரியாது. விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்கு டிஎல்சி போடுங்கள், இதை இரண்டாவதாக கேம் கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

'டிபிடபிள்யூ' குறைவாக இருக்கிறதே, சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரன்டி உண்டு என்கிற கணக்கு அது. மேலே சொன்ன 870 க்யூவிஓ 1 டிபிக்கு அது 360. தினம் 50 ஜிபி எழுதினாலும் 7,200 நாள், அதாவது பத்தொன்பது வருடத்துக்கு மேல். அதற்குள் மதர்போர்டு காயலான் கடைக்குப் போயிருக்கும்.

டிராம் இல்லாத எஸ்.எஸ்.டி.யை வாங்கவே கூடாது என்கிறான் நண்பன். உண்மையா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

எது எங்கே கிடக்கிறது என்ற முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொள்ள எஸ்.எஸ்.டி.க்குள் தனியாக ஒரு சின்ன மெமரி இருக்கும், அதுதான் டிராம். அது இல்லாத என்விஎம்இ எஸ்.எஸ்.டி. (பிசிஐஇ பாதையில் ஓடும் ரகம்), உங்கள் கம்ப்யூட்டர் ரேமிலேயே பெரும்பாலும் 64 எம்பி அளவுக்குக் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். கேமுக்கு அது போதும். சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு அந்தக் கடன் வசதி கிடையாது. அதனால் நண்பர் சொன்னது பாதி சரி: சாட்டாவில், அதுவும் விண்டோஸ் போடுவதற்கு, டிராம் இல்லாததைத் தவிர்த்துவிடுங்கள்.

எம்.2 எஸ்.எஸ்.டி. ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்த மாதிரிதான் தெரிகிறது. விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில்கூடக் காட்டவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் அந்தப் பல்வரிசையைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு வெட்டு இருக்கிறதா, இரண்டு வெட்டு இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய படம் மங்கல்தான், ஆனால் எனக்கு இரண்டு தெரிகிறது. அப்படியென்றால் அது பெரும்பாலும் எம்.2 வடிவத்தில் இருக்கும் சாட்டா எஸ்.எஸ்.டி. அதே 22 மில்லிமீட்டர் அகலம், அதே 80 மில்லிமீட்டர் நீளம், ஆனால் பேசுகிற பாஷை வேறு. உங்கள் மதர்போர்டின் அந்த ஸ்லாட் என்விஎம்இ மட்டும் பேசுகிற ஸ்லாட்டாக இருக்கலாம். போர்டோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் எது எது ஓடும் என்று அட்டவணை இருக்கும். (இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் ஒன்றை மாட்டினால் சாட்டா போர்ட் இரண்டு அணைந்துவிடும் என்பது மாதிரி வம்புகளும் அந்த அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.) திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

புதிது மாட்டும்போது சாய்வாக, முப்பது டிகிரி மாதிரி வைத்துச் செருகுங்கள். விட்டால் தானாக மேலே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் சரியாக உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மெதுவாக அமுக்கி ஸ்குரூ போடுங்கள். அந்த ஸ்குரூ எள்ளுக்கு அண்ணன். கீழே விழுந்தால் கிடைக்காது. நான் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் வைத்துத்தான் வேலை பார்ப்பேன்.

போர்டிலேயே சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு (ஹீட்சிங்க்) இருந்தால் அதன் அடியில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதன்மேல் கண்ணாடித் தாள் ஒன்று இருக்கும், அதை உரித்துவிட்டு மூட வேண்டும். இதை நான் ஒருமுறை உரிக்காமல் மூடி, பீளமேட்டில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து "ரொம்பச் சுடுதுங்க" என்று கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் தாள் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னாலேயே உரித்தேன், சர்வீஸ் சார்ஜ் கேட்கவில்லை. ஆனால் எஸ்.எஸ்.டி.யின் மேலேயே ஒட்டியிருக்கிற கம்பெனி ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள். வாரன்டி போய்விடும்.

எங்கள் ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். எஸ்.எஸ்.டி.க்குத் தனியாக ஹீட்சிங்க் வாங்க வேண்டுமா?
– வாசகர், வேலூர்

ஜென் 3-க்கு வேண்டாம். ஜென் 4-க்கு போர்டோடு வருகிற தகடு போதும், ஜென் 5-க்குத்தான் பெரிய கவசம் தேவைப்படும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்லாட்டைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், கார்டு விடுகிற அனல் முழுக்க அங்கேதான் இறங்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் வெப்பநிலை தெரியும். ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் பாருங்கள். அறுபதுகளில் இருந்தால் கவலையில்லை. எண்பதை நெருங்கினால் எஸ்.எஸ்.டி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் கேபினெட்டின் முன்பக்கத் தூசி வலையைக் கழுவினாலே நாலைந்து டிகிரி இறங்குவதைக் கடையில் பார்த்திருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதிலும் வைத்துக்கொள்ளலாமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

தாராளமாக. கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். நான் பிடுங்காமல் போட்டுக் கெட்டேன், அதுவும் சொந்த அண்ணன் மகனுடைய மெஷினில். விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில்தான் ஏறியது, ஆனால் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பூட் ஃபைல்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பகுதியில் எழுதிக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறதே என்று அவன் கழற்றி வைத்தான். கம்ப்யூட்டர் எழவில்லை. செமஸ்டர் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி. "அத்தை, எல்லாம் போச்சு" என்று பதினொரு மணிக்கு போன். எதுவும் போகவில்லைதான், ஆனால் அதை அவனுக்குப் புரியவைப்பதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது.

கண்காட்சியில் 4 டிபி எஸ்.எஸ்.டி. 1,999 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

அதைப் பிரித்தால் உள்ளே பசையில் ஒட்டிய மெமரி கார்டு இருக்க வாய்ப்பு அதிகம். 4 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சாஃப்ட்வேரை மாற்றியிருப்பார்கள். நீங்கள் காப்பி செய்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஃபைல் பேரெல்லாம் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள், முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு இடம் என்று சொல்லிவிடும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர். பழைய 600 விஏ யுபிஎஸ் புது கேமிங் பிசிக்குப் போதுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்டுக்குத்தான் தாங்கும். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் 'கீ' என்று கத்திவிட்டுத் தானும் அணையும். ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைந்தால் கேம் சேவ் கெடும், சில நேரம் விண்டோஸே கெடும். 1,100 விஏ-க்கு மாறுங்கள்.

எஸ்.எஸ்.டி. போட்டால் எஃப்.பி.எஸ். கூடுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சேலம்

எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்கிற எண், ஏறாது தம்பி. பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்களில் திக்கித் திக்கி ஓடுவது குறையும், அவ்வளவுதான். மற்றபடி மேட்ச் ஆரம்பிக்கும் முன் எல்லாருக்கும் முதலில் போய் உட்கார்ந்து, ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிற நண்பனுக்காகக் காத்திருக்கலாம்.